முதல் தண்ணீர்

வால்பரைசோ,
மார்ச் 3, 1958

அன்புத் தம்பி எலியோடோரோவுக்கு,

அன்பு என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகும், கிடக்கட்டும்.

நீ கீழே சதுக்கத்தில் தீயணைப்புக் கம்பெனிக் கட்டிடத்தில் இருக்கிறாய். நான் மேலே குன்றில் இருக்கிறேன். குன்றில் ஓடும் லிஃப்டில் இறங்கினால் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடலாம். ஆனால் நேரில் வந்தால் கேப்டன் என்றுகூடப் பார்க்காமல் உன் கன்னத்தில் ஒன்று வைத்துவிடுவேன். உன் ஆட்கள் முன்னால் அது உனக்கு நல்லதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் புருஷனைப் புதைத்து ஒரு மாதமாகப் போகிறது. கம்பெனிக்காரன் தீயில் செத்தால் கம்பெனி வண்டியில்தான் சவப்பெட்டி போகும். அப்பா அப்படித்தான் போனார். அன்செல்மோவுக்கு நம் நங்கூரக் கம்பெனி வண்டி வரவில்லை. எதிர்வரிசை மணிக்கூண்டுக் கம்பெனிதான் தன் வண்டியை அனுப்பியது. அவர்கள் முழு உடுப்பில் வந்தார்கள். நீயும் உன் ஆட்களும் சாதாரணக் கறுப்புக் கோட்டில், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சாவுக்கு வந்தவர்கள் மாதிரி பின்னால் நின்றீர்கள். என் பக்கத்தில் இருந்த பெண்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது அழுகை இல்லை.

இப்போது உன் செயலாளர் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏப்ரல் ஆண்டுவிழாவில் நீ பட்டியல் வாசிக்கும்போது அன்செல்மோவின் பெயர் இருக்காதாம். தீயில் செத்தவர்கள் பெயரை முதலில் கூப்பிட, ஒவ்வொன்றுக்கும் கம்பெனி முழுவதும் எழுந்து “கடமையில் உயிர் விட்டார்” என்று ஒரே குரலில் பதில் சொல்வதைக் கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம். அப்பா பெயர் வரும்போதெல்லாம் அம்மா என் விரலை நெரித்துவிடுவாள். அவளுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் இல்லை?

இரண்டு கேள்விக்குப் பதில் எழுது. அவர் பெயரைக் கூப்பிடுவாயா? அவருடைய ஹெல்மெட் எங்கே? போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

உன் அக்கா,
டோமிதிலா

*

நங்கூரக் கம்பெனி,
மார்ச் 9, 1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கன்னத்தில் அறைய வேண்டுமென்றால் வா. உன் கை எனக்குப் புதிதில்லை.

அத்தான் போனது எனக்கு மட்டும் துக்கம் இல்லையா? சின்ன வயதில் எனக்கு ஏணி ஏறக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் நான் உன் தம்பி மட்டும் இல்லை, இந்தக் கட்டிடத்துக்குப் பொறுப்பானவனும்கூட. டிசம்பரில் என்ன நடந்தது என்று அவர் உன்னிடம் முழுவதும் சொன்னாரோ என்னவோ, நான் சொல்கிறேன்.

மெழுகுவர்த்திக் கடை எரிந்தபோது நாம்தான் முதலில் போனோம். தெருக்குழாய் நம் கையில். மணிக்கூண்டுக்காரர்கள் மூச்சிரைக்கப் பின்னால் வருகிறார்கள். இந்தச் சதுக்கத்தில் எதிரும் புதிருமாக இரண்டு செங்கதவுகள் நிற்க ஆரம்பித்து நூறு வருஷமாகிறது. இரண்டும் ஒரே பெருந்தீக்குப் பிறகு ஒரே நாளில் பிறந்த கம்பெனிகள். காலையில் பிறந்தது நாமா அவர்களா என்று இன்னும் சண்டை. நெருப்பின் மேல் முதல் தண்ணீரை விட்டது யார் என்பதுதான் நம் மானம். தாத்தா காலத்தில் கைப்பம்பு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடியதும் அதற்காகத்தான். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? நம் ஹோஸைக் கழற்றிவிட்டு அவர்கள் ஹோஸைக் குழாயில் மாட்டினார். கேட்டால், “மாடிப்படியில ஒரு பொம்பள நிக்கிறா. நம்ம ஹோஸ் அங்க எட்டாது, அவங்களுது எட்டும்” என்றார். அந்தப் பெண் பிழைத்தாள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அழுதார்கள், அக்கா. சுமை தூக்கிப் பிழைத்துக்கொண்டு சம்பளமில்லாமல் தீயணைக்க வரும் மனிதர்கள், அவர்களுக்கு இருக்கும் ஒரே பெருமை அது. மறுநாள் அந்தக் கடைக்காரர் பேரப்பிள்ளைகள் தங்கள் பால்கனியிலிருந்து எங்களைக் கேலி செய்து ஒரு வாளித் தண்ணீரைக் கயிற்றில் கட்டி இறக்கிக் காட்டினார்கள்.

அதனால்தான் மார்ச் வரை சஸ்பெண்ட் செய்தேன். சஸ்பெண்டில் இருப்பவன் கம்பெனிக்காரன் இல்லை என்று விதி சொல்கிறது. நான் எழுதிய விதி இல்லை. பிப்ரவரியில் கயிற்றுக் கிடங்கு எரிந்தபோது அவர் போனது அவராகப் போனது. அந்தப் பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறது. ஒரு பெயருக்காக விதியை வளைத்தால் எல்லாப் பெயரும் வளைந்துபோகும்.

ஹெல்மெட் விஷயத்தைப் பிறகு பேசலாம். காற்று அதிகமாக இருக்கிறது, ஜன்னலை மூடிப் படு.

உன் தம்பி,
எலியோ

*

மார்ச் 20, 1958

எலியோவுக்கு,

ஹெல்மெட் விஷயத்தை ஏன் பிறகு பேச வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

உங்கள் கட்டிடத்தைக் காவல் காக்கும் ஒலிவாரெஸின் மனைவி நேற்று ரொட்டி கொண்டுவந்தாள். டீ ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். கிடங்கு எரிந்த அன்று மத்தியானம் அன்செல்மோ அவராக எங்கேயும் போகவில்லை. முதலில் உன் வாசலுக்குத்தான் வந்தார். நீங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தீர்கள்.

“எலியோ, ஹெல்மெட்ட மட்டும் குடுடா. சண்டைய நாளைக்கு வச்சுக்கலாம்” என்று கேட்டாராம்.

அதற்கு நீ, “சஸ்பெண்ட் ஆனவனுக்கு ஹெல்மெட் எதுக்கு? வீட்டுக்குப் போய் பீன்ஸ் வெந்துச்சான்னு பாரு” என்றாயாம். எல்லோரும் சிரித்தார்களாம். அலமாரிச் சாவி உன் இடுப்பிலேயே தொங்கியது.

அவர் சதுக்கத்தைத் தாண்டி எதிர்வரிசைக்குப் போனார். அவர்கள் “ஏறுங்க ஏறுங்க” என்று கை கொடுத்து ஏற்றிக்கொண்டார்கள். அவர்களிடம் உபரி ஹெல்மெட் இல்லை. கூரை ஓடு சரிந்தபோது அவர் தலையில் இருந்தது வெறும் முடி. தலையில் ஏதாவது இருந்திருந்தால் ஒரு வீக்கத்தோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்போது எனக்கு அது காதில் ஏறவில்லை. ஹெல்மெட் எரிந்திருக்கும், கிடங்கில் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்போல உன்னிடமே கேட்டு எழுதினேன். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். ஹெல்மெட்டைப் பூட்டி வைத்ததும் நீ, அது இல்லாமல் செத்தவன் எங்கள் ஆள் இல்லை என்பதும் நீ.

விதியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. அப்பா கூரையிலிருந்து விழுந்த அன்று கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தவர். நடக்கவே இருவர் தாங்க வேண்டியிருந்தது. குடித்தவன் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று விதியில் இல்லையா? அன்றைய கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயரை எழுதினார், ஏனென்றால் அவர் மனிதர். அந்தப் பெயரைத்தான் நீ நெஞ்சில் கை வைத்துக் கூப்பிடுகிறாய்.

இன்னொன்று. மணிக்கூண்டுக் கேப்டன் டான் ஒக்தாவியோ வந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “அம்மா, அவர் எங்க ஹோஸப் பிடிச்சுக்கிட்டுத்தான் செத்தார். நீங்க சரின்னா எங்க பட்டியல்ல அவர் பேரக் கூப்பிடுறோம். உங்க தம்பி கூப்பிடுறதா இருந்தா நாங்க ஒதுங்கிக்கிறோம், அதுதான் முறை” என்றார்.

அவருக்கு இருக்கிற முறை உனக்கு இல்லை. ஏப்ரல் பிறப்பதற்குள் பதில் சொல்.

டோமிதிலா

*

மார்ச் 24, 1958

அக்காவுக்கு,

இதைச் செய்யாதே. என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டு, ஊர் முழுக்கத் திட்டு, நம் குடும்பத்தை அந்த எண்ணெய் மீசைக்காரனிடம் கொண்டுபோய்க் கொடுக்காதே. அத்தான் இருபது வருஷம் நம் கயிற்றை இழுத்தவர். நம் வண்டிக்குப் பெயர் சூட்டியது நீ. ஷாம்பெயின் பாட்டிலை முன்சக்கரத்தில் உடைத்தவள் நீ. உன் புருஷன் பெயரை அவர்கள் கூடத்தில், அவர்கள் வாயால் சொல்ல, நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டுமா? நூறாவது ஆண்டுவிழா அன்றா? இதைவிட எங்கள் கதவை நீயே வந்து கொளுத்திவிடு.

அவருக்கு என்ன முறை தெரியும்? செத்தவரைக்கூட நம்மிடமிருந்து தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். குழாயைத் தட்டிக்கொண்டு போன மாதிரியே.

விழா முடியட்டும், நிர்வாகக் குழுவைக் கூட்டுகிறேன். ‘கம்பெனியின் நண்பர்’ என்று ஒரு பிரிவு உண்டு. அதில் அவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிக்கலாம். படிக்கட்டுப் பக்கம் இடம் இருக்கிறது.

அன்று சிரித்தது நான் இல்லை. பையன்கள் சிரித்தார்கள். நான் சொன்னது வாய்க்கு வந்த பேச்சு. தீ என்று மணி அடிக்கிற நேரத்தில் யார் யோசித்துப் பேசுகிறார்கள்? உனக்குத் தெரியாதா என்னை?

எலியோ

*

ஏப்ரல் 1, 1958

எலியோடோரோவுக்கு,

தெரியும்.

இருபது வருஷம் இழுத்தவர் படிக்கட்டுப் பக்கம் நண்பராகத் தொங்க வேண்டாம். டான் ஒக்தாவியோவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் நீ உன் பட்டியலை வாசி, அவர்கள் அவர்கள் பட்டியலை வாசிப்பார்கள். சதுக்கம் ஒன்றும் அகலமில்லை. உனக்குக் கேட்கும்.

டோமிதிலா

*

நங்கூரக் கம்பெனி,
ஏப்ரல் 14, 1958

அன்புள்ள அக்கா,

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ கிழித்துப் போடுவாயோ என்னவோ, வாசித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமை நம் கூடத்தில் இடமில்லை. வயதானவர்கள்கூட மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். புழுக்கம் என்று யாரோ ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். நான் சாத்தச் சொன்னேன். யாரும் எழவில்லை. மறுபடி சொன்னேன். ஒலிவாரெஸ், “தாப்பாள் இறுகிக் கெடக்கு கேப்டன்” என்றான். திறந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் எப்படி இறுகும்? நான் விட்டுவிட்டேன்.

பட்டியலை ஆரம்பித்தேன். பழைய பெயர்கள், பிறகு அப்பா. எல்லோரும் எழுந்து நின்று பதில் சொன்னார்கள். நான் மூடி வைக்கப் போகும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து டான் ஒக்தாவியோவின் குரல் வந்தது. “அன்செல்மோ வெர்காரா.”

அக்கா, நம் ஆட்கள் உட்காரவே இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை, சைகைகூடக் காட்டவில்லை. கூடம் முழுவதும் “கடமையில் உயிர் விட்டார்” என்றது. சுவரில் தொங்கிய தாத்தா காலத்து வாளிகள் அதிர்ந்தன. அன்று சிரித்த பையன்கள்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்கள்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். நாம்தான் முதலில் சொன்னோம். எதிர்வரிசைக்காரர்கள் மூச்சை இழுப்பதற்குள் நாம் முந்திவிட்டோம். வெளியே நின்ற சனமெல்லாம் அதைத்தான் பேசியது. அத்தானுக்கு முதல் தண்ணீர் நம்முடையதுதான்.

நான் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அடுத்த வருஷம் அவர் பெயரை நானே கூப்பிடுகிறேன், குழு என்ன சொன்னாலும் சரி. ஹெல்மெட்டை ஒலிவாரெஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். நானே துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வரலாமா? ஒரு வரி எழுது.

உன் தம்பி,
எலியோ

*

ஏப்ரல் 17, 1958

எலியோடோரோ,

ஒலிவாரெஸ் ஹெல்மெட்டைக் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத் துடைத்திருக்கிறாய். ஒரு கீறல் இல்லை, ஒரு நசுங்கல் இல்லை. போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பார்க்க முடியவில்லை. ஒலிவாரெஸிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உன் அலமாரியில் வைத்துக்கொள். சாவி உன்னிடம்தான் இருக்கிறது.

முந்திவிட்டீர்களாம். என் புருஷன் பெயரைக் கூப்பிட்டபோதும் யார் முதல் என்றுதான் உன் காது கவனித்திருக்கிறது. யார் முதல் என்பது பெரிதில்லை என்றுதான் அவர் டிசம்பரில் ஹோஸைக் கழற்றினார். உனக்கு அது அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

அன்று நான் எதிர்வரிசைக் கூடத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் குரல் வந்தது. எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன், அன்று உண்மையாகவே அழுதேன். உன் ஆட்களிடம் சொல், அவர்கள் குரல் எனக்குக் கேட்டது, நன்றி. நிமிர்ந்து பார்த்தபோது உங்கள் ஜன்னலில் ஒருவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அடுத்த வருஷமும் நீ அவர் பெயரைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட ஆள் இருக்கிறார்கள்.

அன்செல்மோ வெர்காராவின் மனைவி,
டோமிதிலா