நாலு சூடு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் பார்த்தாயிற்று, ஜூனில் கல்யாணம். நீ என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஊதாக் கன்னத்தோடு வேண்டாம், கோபிக்காதே. இந்த மாதிரி ரத்தக்குழாய் வீக்கத்துக்குச் சூடு வைத்து வற்றவைக்கிற டாக்டர் அங்கேயே இருக்கிறாராம். போய்ப் பார். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

முப்பத்தெட்டு வருஷமாக என்னோடு இருக்கிற கன்னம் உனக்கு இப்போதுதான் உறுத்துகிறது. சரி, கல்யாண மாப்பிள்ளை, மன்னித்தேன்.

முதல் சூடு ஆயிற்று. மரத்துப்போக ஊசி போட்டு, வீக்கத்துக்குள் மெல்லிய கம்பியைச் செருகி மின்சாரம் விடுகிறார்கள். தோல் தப்பிக்கும், உள்ளே வேகும். வலி இல்லை. ஆனால் என் சதை வேகிற வாடையை நானே மோந்தேனடா. அவசரப்பட்டால் சிரிக்கிற நரம்பு கெட்டுவிடும், ஒரு வருஷத்தில் நாலு தடவையாகச் செய்யலாம் என்றார் டாக்டர். தம்பி கல்யாணம், ஜூனுக்குள் முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

அம்மா இன்னும் எழுந்து நடக்கவில்லை. தூக்கித்தான் உட்காரவைக்கிறேன்.

உன் அக்கா

மே 18

தம்பிக்கு,

நாலும் முடிந்தது. வீக்கம் வற்றிவிட்டது. உதட்டின் இடது பக்கம்தான் சிரிக்க மாட்டேன் என்கிறது, இனி வராதாம். போகட்டும், போட்டோவில் வாயை மூடிக்கொள்கிறேன். எத்தனை நாள் முன்னதாக வரட்டும்?

உன் அக்கா

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்பச் சந்தோஷம். ஒரு சின்னச் சிக்கல். பெண் பார்க்கப் போன அன்றே, வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இப்போது மாற்றிச் சொன்னால் என்னைப் பொய்யன் என்பார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் என்று வந்துவிடேன். மார்ச்சில் வந்தபோதே அம்மா காதில் போட்டேன். அவளும் சரி என்றாள்.

உன் தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

நியாயம்தான், சொன்ன சொல் மாறக் கூடாது. ஒரே பிள்ளை என்றால் அம்மாவும் அந்த ஒருவன் பொறுப்புதானே. ஞாயிற்றுக்கிழமை காலை அவளை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து இறக்கிக்கொள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். புது மருமகள் பழகிக்கொள்வாள்.

நேற்று அம்மாவிடம் பயணத்தைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் கூட வர்றேல்ல?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். வண்டி கிளம்பினால் தெரிந்துகொள்வாள்.