பன்னிரண்டு சீட் வண்டியே எடுங்கள்

ஏங்க, காலை ஷிஃப்ட், கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது. சூடு பண்ணி ஆறு பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

பத்து மணிக்குத் தரகர் இரண்டு வேன் கொண்டுவருவார். ஒன்பது சீட் ஒன்று, பன்னிரண்டு சீட் ஒன்று. பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். சின்னவனின் குழந்தை சீட்டை மாட்டிய பிறகும் பின்வரிசைக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

நேற்று, "நம்ம நாலு போதாதா, உங்க அக்கா பிள்ளைங்க ரெண்டையும் எங்க உக்கார வைக்கிறது? இடமே இல்ல" என்று கத்தினேனே, அது அசதியில் வந்த வார்த்தை. அக்கா மகள் அதைக் கேட்டுவிட்டாள். அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை. விடியற்காலையில் பார்த்தால், தன் துணியையும் தம்பி துணியையும் பையில் அடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நாங்க ஹாஸ்டலுக்குப் போறோம் அத்தை. உங்களுக்கும் சிரமம் இருக்காது."

பையை வாங்கித் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். அழுது அழுது இப்போதுதான் தூங்கினாள். உடனே எழுப்பாதீர்கள்.

பெரிய வண்டியே எடுங்கள். விலை அதிகம் என்பீர்கள், உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

பி.கு: வண்டி வந்ததும் முதலில் அவளை ஏற்றுங்கள். எந்த சீட் வேண்டும் என்று அவளே சொல்லட்டும். ஜன்னல் ஓரம் கேட்டால் யாரும் போட்டிக்கு வரக் கூடாது, நீங்கள் உட்பட.