கிறிஸ்துமஸ் படத்தில் யாரும் சாகக் கூடாது

மார்ச் 12, செவ்வாய்

வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே வந்து காப்பிக்குத் தண்ணீர் வைக்கும்போது மெரடித் கூப்பிட்டாள். நான் எழுதும் டிவி சேனலில் கிறிஸ்துமஸ் படங்களுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். வயது முப்பத்திரண்டு. அவர்களுக்கு நான் இதுவரை பதினோரு படம் எழுதியிருக்கிறேன். பதினொன்றிலும் ஒரு பேக்கரி உண்டு.

"லோரெய்ன், படிச்சேன். சத்தியமா அழுதுட்டேன். ஆனா கோவிச்சுக்காதீங்க, இது கிறிஸ்துமஸ் படம் இல்ல."

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை டிசம்பரில்தானே நடக்கிறது என்றேன்.

"டிசம்பர்ல நடந்தா ஆச்சா? கதைக்குள்ள இருந்து கிறிஸ்துமஸை உருவிப் பாருங்க. உருவினா கதை பொத்துனு விழணும். உங்க கதை அப்படியே நிக்குதே. அதுவும் போக, அப்பா செத்துப் போறார். கிறிஸ்துமஸ் படத்துல யாரும் சாகக் கூடாது. ஏற்கெனவே செத்திருந்தா பரவாயில்ல."

ஜனவரியில் 'குளிர்காலக் கதைகள்' வரிசையில் போடலாமாம். பரிசு கொடுக்கிற மாதிரி சொல்கிறாள். ஜனவரியில் போட்டு எனக்கு என்ன ஆகப் போகிறது? அவளிடம் எப்படிச் சொல்வேன், இது ஊருக்காக எழுதிய கதை இல்லை என்று?

மார்ச் 13

என் தங்கை பெவ் வந்தாள். அவளும் என் மகள் கிரெட்டாவும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். கிரெட்டா என்னோடு பேசி ஐந்து வருடம் ஆகிவிட்டது. போன் எடுப்பதில்லை. கடிதம் போட்டால் பிரிக்காமல் திரும்பி வருகிறது. அவள் இருக்கும் டுலூத் வரைக்கும் இரண்டு தடவை காரோட்டிப் போய், அவள் கதவைத் திறக்காததால் திரும்பினேன்.

ஆனால் டிசம்பர் வந்தால் அவள் அந்தச் சேனலை விடுவதில்லை. பெவ் சொல்லித்தான் தெரியும். "திட்டிக்கிட்டே எல்லாத்தையும் பாக்குறா லோ. உன் பேர் வந்தா, 'வந்துட்டா பொய்க்காரி'ங்கிறா. ஆனா முடியுற வரைக்கும் எந்திரிக்க மாட்டா. ஜனவரி ஒண்ணாம் தேதி டிவிய அணைச்சுடுவா, அவ்ளோதான்."

எனக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். வருடத்தில் ஒரு மாதம், இரண்டு மணி நேரம், என் மகள் எழுந்து போகாமல் நான் சொல்வதைக் கேட்கிறாள்.

மார்ச் 15

தூக்கம் இல்லை. என்ன செய்தேன் என்பதை இந்த நோட்டிலாவது ஒரு தடவை நேராக எழுதிவிடுகிறேன்.

2018 நவம்பர் 26. என் கணவர் ஆர்னிக்கு இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொன்னார். கிரெட்டா ஜப்பானில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் 24-க்கு டிக்கெட் போட்டிருந்தாள். டிசம்பர் ஒன்றாம் தேதி வழக்கம்போல் குடும்பச் செய்தி சொல்லும் கிறிஸ்துமஸ் கடிதம் அச்சடித்து எண்பது வீட்டுக்கு அனுப்பினேன். 'ஆர்னிக்குக் கொஞ்சம் அசதி, மற்றபடி எல்லோரும் நலம்.' கிரெட்டாவுக்கும் அதே கடிதம். பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் கெட்டுவிடக் கூடாது. பண்டிகை முடியட்டும், அப்புறம் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் — விவாகரத்தையே ஜனவரி இரண்டாம் தேதிதான் சொல்வார்கள்.

21-ஆம் தேதி ஆர்னி போய்விட்டார். அப்போதும் நான் போன் பண்ணவில்லை. நிம்மதியாக விமானம் ஏறட்டும் என்று நினைத்தேன்.

24-ஆம் தேதி விமான நிலையத்தில் கையில் பரிசுப் பைகளோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா கார்லயே இருக்காரா?"

இதற்குமேல் எழுத முடியவில்லை.

மார்ச் 19

மெரடித்தோடு சண்டை. "கிறிஸ்துமஸை உருவுங்கன்னு சொன்னியே, உருவிட்டேன்" என்றேன். "கிறிஸ்துமஸ் இல்லன்னா கதையில இந்த அம்மா எதுக்குப் பொய் சொல்லப் போறா? மார்ச் மாசமா இருந்தா அன்னிக்கே மகளுக்குப் போன் பண்ணியிருப்பா. பண்டிகையை எடுத்தா பொய் இல்ல. பொய் இல்லன்னா கதையே இல்ல. விழுந்துடுச்சா?"

மெரடித் பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "விழுது. ஆனா அது கிறிஸ்துமஸுக்கு எதிரான படமாச்சே லோரெய்ன்."

"எதிரா இருந்தாலும் அதைப் பத்தினதுதானே!"

மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றாள். அறுபத்தொரு வயதில் ஒரு பொடிசிடம் இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 2

ஒப்புதல் வந்துவிட்டது. நிபந்தனைகளோடு. பத்தாவது நிமிடத்துக்குள் பனி விழ வேண்டும். எந்தக் காட்சியிலும் ஏதாவது ஒரு மூலையில் சிவப்போ பச்சையோ தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியிலும் தோரணம். அப்பாவின் சாவு திரைக்கு வெளியே.

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் பேக்கரிகூட வைப்பேன்.

ஜூன் 18

யூட்டாவில் படப்பிடிப்பு. கொளுத்துகிற வெயிலில் எல்லோருக்கும் கம்பளிக் கோட்டு. சோப்பு நுரையில் பனி. நடிகையின் நெற்றி வியர்வையை ஒருத்தி ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

விமான நிலையக் காட்சியை இன்று எடுத்தார்கள். அப்பா எங்கே என்று மகள் கேட்கிறாள். அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். 'உன் நல்லதுக்குன்னு நான் சொல்லிக்கிட்டேன். நல்லதும் இல்ல ஒண்ணும் இல்ல. அதைச் சொல்ல எனக்கு தைரியம் இல்ல. அவரோட கடைசி மூணு வாரத்தை உன்கிட்ட இருந்து திருடிட்டேன்.' நான் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

இயக்குநர் ஹாலிஸ் என் பழைய சிநேகிதன். பிறகு வந்து பக்கத்தில் நின்றான். "லோ, இது உன் வீட்டுக் கதைதானே?" என்றான். தலையாட்டினேன். "ஒரு ஃபிரேம் தொட மாட்டேன்" என்றான்.

இன்று சாப்பாடு இறங்கியது. எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 22

கருத்துக் கேட்க ஆட்களை உட்கார வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்பா சாவதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். 'இதைப் பார்த்துட்டு மரத்துக்கு விளக்குப் போட மனசு வராது' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாராம்.

"ரெண்டே பக்கம் மாத்தினா போதும்" என்கிறாள் மெரடித். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் மாறிப்போய்விட்டது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. சாதாரண அசதி.

"அந்தப் பெஞ்சுல பேசுறது?"

"அது இருக்கும். அதை யார் தொடுவா? ஆனா மாத்தலன்னா ஜனவரிதான். முடிவு உங்க கையில."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மன்னிப்பு இருந்தால் போதும், அவளுக்குப் புரியும், அவளுக்கு மட்டும் புரிந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு பக்கத்தையும் நானே உட்கார்ந்து எழுதினேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு படம் எழுதிய கை, தானாகவே ஓடியது.

அக்டோபர் 9

முடித்த படத்தை அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன்.

பெஞ்சு இல்லை. வெட்டிவிட்டார்கள். 'அப்பா கார்லயே இருக்காரா?' என்று மகள் கேட்கிறாள். அம்மா சிரிக்கிறாள். கார் கதவு திறக்கிறது. அப்பா இறங்குகிறார். பனி விழுகிறது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு — நான் எழுதாத வசனம், கடவுளே, நான் எழுதவே இல்லை — 'நல்லவேளை நீ எங்கிட்ட சொல்லலம்மா. சொல்லியிருந்தா வழியெல்லாம் அழுதுட்டே வந்திருப்பேன்.'

நன்றி சொல்றா. எனக்கு. என் மக வாயால.

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்? மன்னிப்புக் கேக்கப் போய், நான் செஞ்சதுதான் சரின்னு ஊரெல்லாம் சாட்சி வச்சுச் சொல்ற மாதிரி ஆயிடுச்சே. அதுல என் பேர் வேற. 'கதை, வசனம்: லோரெய்ன் ஹாக்லண்ட்.' அவ இதைப் பாக்கக் கூடாது. பாக்கவே கூடாது.

அக்டோபர் 10

மெரடித்தைக் கூப்பிட்டு ஜனவரிக்குத் தள்ளச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

"விளையாடுறீங்களா? இதுக்குத்தானே மார்ச்ல என்னை அந்தப் பாடு படுத்தினீங்க! இப்ப இது நூத்துக்கு நூறு கிறிஸ்துமஸ் படம். டிசம்பர் பதினாலு, சனிக்கிழமை, எட்டு மணி. அந்த நேரம் கெடைக்க அவனவன் தவம் கெடக்குறான்."

என் பெயரையாவது எடுத்துவிடச் சொன்னேன். ஆகஸ்டிலேயே சொல்லியிருக்க வேண்டுமாம்.

ஹாலிஸ் போனை எடுத்ததும் மன்னிப்புக் கேட்டான். "எனக்குச் சொல்லாமயே வெட்டிட்டாங்க லோ." இவனைத் திட்டி என்ன பயன்? அந்த அப்பாவை உயிரோடு எழுப்பியவள் நான்.

நவம்பர் 30

பெவ்விடம் கெஞ்சினேன். பதினாலாம் தேதி சாயந்திரம் கிரெட்டாவை எங்கேயாவது கூட்டிப் போ, உடம்பு சரியில்லை என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல்.

"நான் பொய் சொல்ல மாட்டேன் லோ. நம்ம வீட்ல அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

சரியாகத்தான் சொன்னாள்.

டிசம்பர் 14

எட்டு மணிக்கு டிவியைப் போடவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டு ஜன்னலில் நீல வெளிச்சம் மாறி மாறி ஆடியது. அவர்களும் அதைத்தான் பார்க்கிறார்களோ?

டிசம்பர் 15, ஞாயிறு

கிரெட்டா போன் பண்ணினாள்.

சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது.

"அப்பாவைக் கார்ல இருந்து இறக்கிட்ட." கிட்டத்தட்ட ஆறு வருடத்துக்குப் பிறகு என் மகள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ஆமா."

"நான் உனக்கு நன்றி வேற சொல்றேன்."

நான் ஆரம்பித்தேன் — முதலில் வேறு மாதிரி எழுதினேன், சேனல், மெரடித், வெட்டிவிட்டார்கள், அந்த வசனம் என்னுடையது இல்லை... எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பாதியில் நிறுத்தினேன். போனில் அவளுக்குப் பின்னால் ஒரு நாய் குரைத்தது. அவள் நாய் வளர்ப்பதுகூட எனக்குத் தெரியாது.

பிறகு கேட்டாள்: "அவர் என்னைக் கேட்டாரா?"

இதற்கு நான் எப்போதோ பதில் தயாராக வைத்திருந்தேன். பாதி நேரம் தூக்கம்தான் கண்ணு, வலி தெரியல, ரொம்ப அமைதியாப் போயிட்டார். நல்ல பதில். கேட்டால் மனசு ஆறும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தினமும் கேட்டார்," என்றேன். "பத்தொன்பதாம் தேதி, அவளைக் கூப்பிடு, நான் பேசணும்னார். நான் போனை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போனேன். திரும்பி வந்து, லைன் கெடைக்கலன்னு சொன்னேன். நான் நம்பரையே அழுத்தல கிரெட்டா. அவர்கிட்டயும் பொய்தான் சொன்னேன். அடுத்த நாளும் கேட்டார். அடுத்த நாளும் அதையேதான் சொன்னேன். உன் நல்லதுக்கு இல்ல. அவர் உங்கிட்ட விடைபெறுறதை என்னால பக்கத்துல நின்னு பார்க்க முடியாது, அதான். என் பயம்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

கோட்டோடு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். சர்ச் முடிந்து ஜனங்கள் திரும்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை.

டிசம்பர் 16

பெவ் போனில் கத்தினாள். "ஆறு வருஷமா வாயைத் திறக்காதவ, இப்போ எதுக்குடி சொன்ன? கிறிஸ்துமஸ் நேரத்துல! ஜனவரில சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை.

டிசம்பர் 17

போன் இல்லை.

டிசம்பர் 18

இல்லை. மெரடித்திடமிருந்து பூக்கூடை வந்தது. இந்த டிசம்பரில் அதிகம் பேர் பார்த்த படம் அதுதானாம். அடுத்த வருடத்துக்கு ஒன்று எழுத வேண்டுமாம். கூடையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 19

போச்சு. கையில் மிச்சமிருந்த ஒன்றையும் நானே போட்டு உடைத்துவிட்டேன். அந்த நல்ல பதிலையே சொல்லியிருந்தால் இன்று ஒருவேளை பேசிக்கொண்டிருப்பாள் — இப்படித்தான் அன்றைக்கும் நினைத்தேன், இல்லையா? இதே சமையலறையில், இதே நாற்காலியில்.

கிறிஸ்துமஸ் கடிதம் இந்த வருடம் யாருக்கும் அனுப்பவில்லை.

டிசம்பர் 21, சனி

ஆர்னி போன நாள்.

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கிரெட்டா நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். டுலூத்திலிருந்து இரண்டரை மணி நேரம் பனியில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கட்டிக்கொள்ளப் போனேன். ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள்.

"உக்கார வரல," என்றாள். "டாக்டர் சொன்ன அன்னிலேர்ந்து சொல்லு. ஒவ்வொரு நாளா. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு எதையும் மாத்தாத."

அவள் சமையலறையில் நின்றபடியே கேட்டாள். கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. கார்ச் சாவி கையிலேயே இருந்தது. நவம்பர் 26-லிருந்து சொன்னேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவர் திட்டியது, அச்சடித்த கடிதத்தைப் படித்துவிட்டு 'நலமா? யார் நலம்?' என்று கேட்டது, காலெண்டரில் இருபத்து நான்கைப் பென்சிலால் வட்டம் போட்டது, எதையும் விடவில்லை. இரண்டு தடவை என் குரல் நின்றுபோனது. அவள் உதவிக்கு வரவில்லை. பத்தொன்பதாம் தேதிக்கு வந்தேன்.

"லைன் கெடைக்கலன்னு சொன்னதும் அவர் என்ன சொன்னார்?"

"'ஸ்கூல்ல இருப்பா, அப்புறம் போடு'ன்னார்."

கிரெட்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என்னால் முடிந்தது அங்கேயே நின்றதுதான். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ம். அப்புறம்?" என்றாள்.

இருபதாம் தேதியைச் சொல்ல ஆரம்பித்தேன்.