அப்பா வைத்த பெயர்

பிளானோ, மார்ச் 2017

அன்புள்ள தங்கைக்கு,

அமெரிக்கர்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு முன்னூறு ஆண்டுகள் பின்னால் போகிறார்கள். நம்முடையது அப்பாவோடு நின்றுவிடும். இருந்தும் டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் அனுப்பினேன்.

ஒருவர் பொருந்தினார். அவர் குடும்பப் பெயரும் நம் அப்பா பெயர்தான், சென்னிமலை. பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறார். போன் செய்து என் பெயரைச் சொன்னேன்.

"குழந்தைவேலு சென்னிமலை பேசறேங்க."

"அது நானுங்களே. நீங்க யாரு?"

செத்துப்போன அப்பாவின் குரல்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருடைய அப்பாவும் மாதத்தில் பாதி நாள் மில் வேலையாக வெளியூர் போவாராம். வாய் தவறாமலிருக்க இருவருக்கும் ஒரே பெயர், அப்பா கெட்டிக்காரர்.

அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால், ஒரே மகனான என்னை அம்மா இன்றுவரை "சின்னவனே" என்றுதான் கூப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
உன் சின்ன அண்ணன்