படிக்காமல் தாண்டிய வரி

போடிநாயக்கனூர்
12-6-1983

அன்புத் தங்கை பொன்னுமணிக்கு அண்ணன் ராக்கையா எழுதுவது. இங்கே உன் மதினியும் நானும் சுகம். மலையில் மழை பிடித்துவிட்டதாமே, ஏலக்காய் எடுக்கப் போகும்போது தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு போ.

என் மருமகள் வீரலட்சுமி எப்படி இருக்கிறாள்? பிறவியிலேயே வந்த ரத்தக் கோளாறு, மாசாமாசம் மதுரையில் ரத்தம் ஏற்றுகிறீர்கள், சரி. ஏற்றினால் போதுமா, ஊறவும் வேண்டாமா? எப்போதும்போல இரும்புச் சத்து டானிக் இரண்டு பாட்டில் ஜீப்பு ஓட்டும் பிச்சைமணியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

அப்புறம், வழக்கமாகக் கேட்பதுதான். பிள்ளைக்குப் பதினாறு முடிந்துவிட்டது. பெரியவளான சேதி எப்போது வரும்? பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டிய தாய்மாமன் தயாராக உட்கார்ந்திருக்கிறேன். சீர்ச்சேலை எடுத்து மூன்று வருஷம். "சேலைதான் மொதல்ல வயசுக்கு வரும் போல"ன்னு உன் மதினி கேலி பண்ணுகிறாள்.

உன் அண்ணன்
ராக்கையா


போடிமெட்டு எஸ்டேட்
3-7-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதற வேண்டாம். எழுதுவது செல்லத்தாய் டீச்சர். இதுவரை நான் சொல்லச் சொல்ல வீரலட்சுமிதான் எழுதினாள். இப்போது அவள் வலது கையில் கட்டு. ஒரு சொம்புத் தண்ணீரோடு படியில் வழுக்கினாள், அதற்கே எலும்பு முறிந்துவிட்டது.

மதுரை டாக்டர் படம் எடுத்து, ரத்தமும் சோதித்துப் பார்த்தார். ஏற்றுகிற ரத்தத்திலேயே இரும்பு இருக்கிறதாம். அது வெளியேறாமல் உடம்பில் தங்கி, பெண்பிள்ளைக்குச் சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சுரக்க விடவில்லையாம். அதனால் எலும்புக்கும் வலு இல்லையாம். "இதுல டானிக்கு வேறயாம்மா?" என்று சத்தம் போட்டார். மாத்திரை தந்திருக்கிறார். பெரியவளாவாளா என்று கேட்டேன், இப்போது சொல்ல முடியாது என்கிறார்.

அண்ணே, உங்கள் பழைய கடிதங்களை டீச்சர் படித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் சேதி கேட்டிருக்கிறீர்கள். அவள் ஒருநாளும் அந்த வரியை எனக்குப் படித்ததில்லை. "மாமா எல்லாரையும் கேட்டிருக்காரும்மா" என்று தாண்டியிருக்கிறாள். எனக்கு நெஞ்சு ஆறவில்லை. இனிமேல் கேட்காதீர்கள்.

தங்கை
பொன்னுமணி


போடிநாயக்கனூர்
20-8-1983

அன்புத் தங்கைக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. டானிக் விற்ற கடைக்காரனைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டு வாங்கியவன் நான்தான். மாதம் இரண்டு பாட்டில், நல்லது என்று நினைத்து என் கையாலேயே கொடுத்துவிட்டேன். பிள்ளை என்னை மன்னிக்க வேண்டும்.

எலும்புக்குக் கேப்பை நல்லது என்கிறார்கள். நாலு படி பிச்சைமணியிடம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடு.

இங்கேயும் நல்ல மழை. வேறு விசேஷம் இல்லை.

ராக்கையா


போடிமெட்டு எஸ்டேட்
11-9-1983

அன்புள்ள மாமாவுக்கு வீரலட்சுமி எழுதுவது. எலும்பு கூடிவிட்டது. எழுத்து கோணலாக வருகிறது, சிரிக்காதீர்கள். டாக்டர் சரி என்றார், தினமும் கேப்பைக் கூழ்தான். டானிக் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அதைக் குடிக்கும்போதெல்லாம் மாமா கொடுத்தது என்றுதான் குடித்தேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்தேன். இந்தத் தடவை தாண்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை. அம்மாதான் அதைக் கேட்கவேண்டாம் என்று டீச்சரை எழுதச் சொல்லியிருப்பாள். அப்படியா என்று நான் கேட்டதற்கு அழுதாள்.

வெட்கத்தில் படிக்காமல் விட்டேன் என்று அம்மா நினைக்கிறாள். அப்படி இல்லை மாமா. படித்தால் அம்மா உங்களைத் தடுத்துவிடுவாள் என்று பயந்தேன். எங்கள் லயத்து வீடுகளில் எனக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கெல்லாம் குச்சு கட்டிவிட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எனக்கும் ஒருநாள் நடக்கும் என்று நம்பிச் சேலை எடுத்து வைத்தவர் நீங்கள் ஒருத்தர்தான். அந்த வரியைத் தனியாக உட்கார்ந்து எத்தனை தடவை படித்திருப்பேன் தெரியுமா?

மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமலே போனாலும் போகட்டும். அடுத்த கடிதத்தில் கேளுங்கள் மாமா. நான் தாண்டாமல் சத்தமாகப் படிக்கிறேன்.

உங்கள் மருமகள்
வீரலட்சுமி