கடைசிப் பக்கத்தை மாற்றிவிட்டேன்

கண்ணு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. பத்திரிகை ஆபீசுக்குக் கதையைக் கொடுக்கப் போகிறேன். சாப்பாடு அடுப்புமேல் மூடியிருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார்.

கதையில் வரும் மகள் கடைசியில் ஆலயத்துக்குத் திரும்பி வந்து முழங்காலிடுவதாக எழுதியிருந்தேன். நீ படித்துவிட்டு, "அம்மா, அது நான் இல்ல. நீங்க ஆசைப்படுற பொண்ணு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாய். நாலு நாள் பேச்சே இல்லை. எனக்கும் கோபம்தான். இவளுக்காக எத்தனை வருஷம் ஜெபம் பண்ணியிருக்கிறேன், ஒரு கதையில்கூட விட்டுக்கொடுக்க மாட்டாளா என்று.

நேற்று ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரோடு நிற்கிறாய். ரெயின்கோட்டை என்னிடம் நீட்டினாய். வீட்டுக்கு வந்து அதையே எழுதினேன். இப்போது கதையிலும் மகள் உள்ளே வருவதில்லை. அம்மாவுக்காக வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறாள்.

உன்னை விசுவாசியாக்கி முடிக்கிற பொறுப்பை இத்தனை நாள் என் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். அது கர்த்தருடைய வேலை, அவர் பார்த்துக்கொள்வார். பேனாவை மூடியதும் அப்படியொரு நிம்மதி. ஜெபம்கூடப் பண்ணாமல் தூங்கிவிட்டேன்.

அம்மா

பி.கு. நகல் மேஜைமேல் இருக்கிறது. படித்துவிட்டு போன் பண்ணு. நீ சரியென்று சொல்லும்வரை கதை என் பையில்தான் இருக்கும்.

இன்னொன்று. வேண்டாமென்றாலும் சொல், திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன். கோபப்பட மாட்டேன். பட்டாலும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும்.