திருப்பி அறுத்த பலகை

மாமா,

இன்று சாயங்காலம் அம்மா உன் பழைய பனியன் ஒன்றைத் தரை துடைக்கலாம் என்று எடுத்து வாளியில் ஊறப்போட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது. எத்தனையோ தடவை துவைத்த பனியன். நீ போய், வெயில் காலம் முடிந்து, மழையும் வந்துவிட்டது. நீ அறுத்த அந்தச் சிவப்பு மரத்தின் சாயம் இன்னும் தீரவில்லை. அம்மா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தண்ணீரை முருங்கை மரத்தடியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு சிதம்பரத்துலேர்ந்து அந்த மியூசிக் கடைக்காரர் வராரு. கிட்டாரை எடுத்துக்கினு போயிடட்டும். அந்த மரத்துல ஒரு துண்டுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வேன்? அது என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

செம்மண்டலம் முழுக்க கரண்ட் இல்லை. அம்மா கூடத்தில் படுத்திருக்கிறாள். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சமூக அறிவியல் புத்தகத்துக்கு அடியில் தாளை வைத்து எழுதுகிறேன். அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது. இடது கையால்தான் எழுதுகிறேன். மெழுகுவர்த்தி எப்போதும் போல, வலது கைக்கு வசதியாக, இடது பக்கம் இருக்கிறது. கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழுகிறது. ஆனாலும் உனக்கு எழுத இந்தக் கைதான் வருகிறது.

அந்த மரம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருஷம், நான் மூன்றாவது படித்தேன். தேவனாம்பட்டினம் கரையில் மணலில் பாதி புதைந்து ஒரு பெரிய கட்டை கிடந்தது. எந்தக் கடலைத் தாண்டி வந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. படகை இழுக்க இடைஞ்சலாக இருந்ததால் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள் மீனவர்கள். நீ திருப்பாதிரிப்புலியூர் அறுவை மில்லுக்கு மாட்டுவண்டியில் ஏற்றிப் போனாய். வெளியே சாம்பல் நிறமாகக் கிடந்த கட்டை ரம்பம் உள்ளே போனதும் பீட்ரூட் மாதிரி சிவப்பாகத் திறந்தது. "அந்தமான் படாக்கு மரம் மாதிரி இருக்குப்பா" என்றார் மில்காரர். நீ சிரித்துக்கொண்டே நின்றாய். தலைமுடியெல்லாம் குங்குமம் கொட்டியது போல் தூள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பலகையை என் முன்னால் நீட்டினாய்.

"நொட்டா, நாக்க வெச்சிப் பாரு."

"சீ, போ மாமா."

"அட, பாரு. இன்னா ருசி?"

"உப்பு."

"அப்ப கடல் இன்னும் உள்ளதான் இருக்குது. உப்பு இருந்தா கிட்டார் கம்பியெல்லாம் துருப்புடிச்சிடும். போவட்டும், காத்திருப்போம்."

எல்லோரும் என் இடது கையைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நீ ஒருவன்தான் அதை வைத்தே எனக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டாய். உன் வாயில் 'நொட்டா' என்பது செல்லப் பெயராக இருந்தது.

பலகைகளைத் தொட்டியில் ஊறவைத்தாய், நிழலில் காயவைத்தாய், மறுபடி ஊறவைத்தாய். ஒவ்வொரு தை மாதமும் முனையைக் கொஞ்சம் சீவிவிட்டு என்னைக் கூப்பிடுவாய். உன் நாக்கை நீ நம்பவில்லை, வெற்றிலை போட்டுக் கெட்டுப்போச்சு என்பாய். நான் ருசி பார்த்து "இருக்கு" என்பேன். நீ பலகையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போவாய். அம்மா தொட்டித் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "ஊர்ல தம்பிங்க அக்காவுக்குப் பட்டுப்புடவை எடுத்துத் தராங்க. எனக்கு வந்து வாய்ச்சவன் தண்ணியில சாயம் கலக்கறான்" என்று சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் அந்த மரத்தைப் பார்த்துச் சிரித்தாள் மாமா. அதை நீ மறந்திருக்க மாட்டாய்.

வாரம் முழுக்க சிதம்பரத்தில் ஃபர்னிச்சர் பட்டறை, சனி ஞாயிறு எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகை. அதுதான் உன் வாழ்க்கை. கிட்டார் எப்படி ஆரம்பித்தது என்று நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். சிதம்பரத்தில் படிக்க வந்த மிசோரம் பையன் ஒருவன் கழுத்து ஒடிந்த எலெக்ட்ரிக் கிட்டாரை ஒட்டித் தரச் சொல்லிப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். நீ கழற்றிப் பார்த்தாய். "உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் பலக! பலகைதான் பாடுது!" ஒரு மாதம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் மகோகனி வந்தது. கருங்காலி வந்தது. இறக்குமதி இயந்திரம் வந்த பெட்டியை உடைத்த பலகை என்று வெள்ளை வெளேரென்று ஒரு மரம் வந்தது. அது மேப்பிள் என்று நீ சத்தியம் செய்தாய்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பிக்கப்புக்குத் தாமிரக் கம்பி சுற்ற வேண்டும். ஃபேன் காயில் கட்டும் கடையிலிருந்து முடியைவிட மெல்லிய கம்பி வாங்கிவந்து அம்மாவின் தையல் மிஷினைக் கேட்டாய்.

"பாவாட தைக்கிற மிஷின்டா அது."

"நீ மெதுவா மிதிக்கா. நான் கம்பியப் புடிச்சிக்கறேன்."

"அறுந்தா?"

"அறுந்தா உன்ன ஒதைப்பேன்."

"அக்காவ ஒதைக்கிற மூஞ்சப் பாரு."

திட்டிக்கொண்டே மிதித்தாள். அறுக்காமல் மிதித்தாள். அந்த மத்தியானங்களில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இருந்தீர்கள்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. அதுதான் எல்லோருக்கும் வேடிக்கை. சுருதி சேர்ப்பாய், அதோடு சரி. வாங்க வரும் மாணவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அவர்கள் வலது கைக்காரர்கள், நான் நொட்டாங்கை. கண்ணாடி பார்ப்பது போல அவர்கள் விரல் என் விரலாக இருந்தது. ஒரு துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே செய்வேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு என் இடது கை மேல் எப்போதும் ஒரு கண். அப்பா மஸ்கட்டில். ஒரு கல்யாணத்தில் நான் இடது கையால் தாம்பூலப் பை கொடுத்ததைப் பார்த்து அப்பாவின் அக்கா எல்லோர் முன்னாலும், "புள்ள வளத்த லட்சணமா இது?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து கரண்டிக் காம்பு அம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது.

ஒரு நாள் நீ என்னைக் கூப்பிட்டு, "சோத்தாங்கைய நீட்டு" என்றாய். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தாய். "வளையல் வாங்கப் போறியா?" என்று கேட்டேன். "ஆமா, மர வளையல்" என்றாய். அடுத்த வாரம் அலமாரியில் ஒல்லியாக ஒரு கிட்டார் கழுத்து இருந்தது. அதற்கப்புறம் வந்த தை மாதத்தில்தான் நான் பலகையை நக்கிவிட்டு, "ஒண்ணும் இல்ல மாமா, வெறும் மரம்" என்றேன்.

மறுநாளே அறுத்தாய். ஒரு மாணவன் கேட்டிருந்த கிட்டார். சிவப்பு மரத்தில்தான் வேண்டும் என்றிருந்தான். அறுத்து முடித்ததும் அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடா, இது திரும்பியில்ல இருக்கு?"

"கை தவறிடுச்சிக்கா. அச்ச கவுத்து வெச்சிட்டேன்."

"இத்தினி வருஷம் ஊறவெச்ச பலகையடா! கண்ண எங்க வெச்சிருந்த? இத இனிமே யாரு வாங்குவா?"

"ஒருத்தனும் வாங்க மாட்டான். கெடக்கட்டும் ஒரு ஓரமா."

அந்த மாணவனுக்கு மகோகனியில் செய்து கொடுத்தாய். பட்டறையில் எல்லோரும் உன்னைக் கிண்டல் செய்தார்கள். அச்சைத் திருப்பி வைக்கிற ஆசாரி என்று பெயரே வைத்தார்கள். நீ சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாய். அந்தக் கிட்டார் யாராலும் விலை கேட்கப்படாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

புயல் அடித்துக் கொட்டகைக் கூரை பறந்து, ஊரெல்லாம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்த நாட்களில்தான் அதற்குக் கம்பி பூட்டினாய். வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அம்மா தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாள். என் மடியில் வைத்தாய். வலது கையால் கழுத்தைப் பிடித்தேன். அளவெடுத்த செருப்பு மாதிரி இருந்தது. அப்போதுதான் நூல் எதற்கு என்று புரிந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ கூரை பறந்த இடத்தைப் பார்த்தாய்.

"கரண்ட் இல்லாம எப்பிடி மாமா கேக்கறது?"

"தாடைய அது மேல வை."

வைத்தேன். இடது கையால் ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. என் தலைக்குள்ளேயே பிறந்தது.

"காதுக்கு வர்றது பாதிதான். மீதி எலும்புக்கு வரும்" என்றாய். "வெளிய ஒருத்தருக்கும் கேக்காது. இப்போதைக்கு உனக்கு அதுதான் நல்லது."

அந்த மரத்தின் தூள் இளைப்பு இருக்கிற உன் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூக்கில் துணி கட்டுவாய். கொஞ்ச நேரத்தில் அது கழுத்துக்கு இறங்கிவிடும். "மூக்க மூடிக்கினா மரம் பேசறது தெரியல" என்பாய். சித்திரையில் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. நாங்கள் பஸ் பிடித்துப் போனபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பேச மூச்சு இல்லை. என் வலது கையை இழுத்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தாய். காய்த்திருந்தது. "விட்டுடாத" என்றாய். அவ்வளவுதான்.

வீடு திரும்பிய அன்றே அம்மா கொட்டகையைப் பூட்டினாள். "அந்த மரந்தான் என் தம்பிய தின்னுச்சி. உனக்கும் அதே நெஞ்சு. உள்ள கால வெச்சேன்னு தெரிஞ்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன்." பலகைகள் மர டிப்போவுக்குப் போய்விட்டன. கிட்டார் மட்டும் அங்கே தொங்குகிறது. அவள் கடைத்தெருவுக்குப் போகும்போது சாவி எடுத்து, தாடையை வைத்து, வாசித்துக்கொண்டிருக்கிறேன். சுடுசோறு பிசையும்போது என் விரல் நுனிகளுக்குச் சூடு தெரிவதில்லை. அம்மா அதைக் கவனித்ததில்லை.

நாளைக்கு அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்றும் வெளியே வரும்: பூட்டைத் திறந்தது, அந்த மரத்தைத் தொட்டது, இந்தக் கை. சொல்லாவிட்டால் கிட்டார் போய்விடும். மெழுகு தீரப்போகிறது மாமா.

*

இது மறுநாள் எழுதுவது.

கடைக்காரர் பத்து மணிக்கு வந்தார். கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, திருப்பி, மறுபடி திருப்பினார்.

"இன்னாம்மா இது, குமிழெல்லாம் மேல வருது?"

"தம்பி தப்பா அறுத்துட்டான்" என்றாள் அம்மா.

"அதான பாத்தேன். கழுத்தும் சின்னப் புள்ள கைக்குச் செஞ்சாப்ல இருக்கு. முழுசா இத யாரும் வாங்க மாட்டாங்கம்மா. பிரிச்சாதான் எதனா தேறும். பிக்கப்ப எடுத்துக்கறேன், முறுக்காணிய எடுத்துக்கறேன். பலகைய நீங்க அடுப்புக்கு வெச்சிக்கோங்க." பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கழுத்தின் முதல் ஸ்குருவில் வைத்தார்.

"கழட்டாதீங்க!"

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தப்பா அறுக்கலம்மா. எனக்கு அறுத்தாரு. கழுத்த மொதல்லயே செஞ்சிட்டாரு, என் கைய நூல் போட்டு அளந்து. அப்பறந்தான் பலகைய அறுத்தாரு. யாரும் வாங்கிக்கினு போயிடக் கூடாதுன்னுதான் கை தவறிடுச்சின்னு சொன்னாரு."

போய் கடைக்காரர் மடியிலிருந்து கிட்டாரை வாங்கினேன். உட்கார்ந்தேன். இடது கையை அவள் கண் முன்னால் கம்பியின் மேல் வைத்தேன். கரண்டி எங்கே என்று பார்க்கக்கூட இல்லை. வாசித்தேன். கரண்ட் இல்லை. கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆளு வூட்லயே இருக்குது, என்னை எதுக்கும்மா வரச் சொன்னீங்க?" என்று திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர் போன பிறகு அம்மா என் வலது கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்ப ஆச்சு?"

"ரொம்ப நாளாச்சும்மா. நீ நொட்டாங்கையவே பாத்துக்கினு இருந்த."

அவள் முகம் கோணியது. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "ஊரே சிரிச்சிதுடி அவன. நானும்ல சேந்து திட்டினேன். களவாணிப் பய." ஒரு விரலை நீட்டி, தொடலாமா என்று யோசிப்பவள் போல, பிக்கப்பைத் தொட்டாள்.

"இது நான் மிதிச்சதா?"

"ஆமாம்மா."

"சத்தமே வரலியே."

"தாடைய வெச்சாதான் கேக்கும்."

அவள் அந்தச் சிவப்பு மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடினாள். பாலீஷ் போட்ட மரத்தில் தூள் வராது என்று நான் சொல்லவில்லை. பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, குனிந்து தாடையை வைத்தாள். நான் மெதுவாகத் தட்டினேன். அவள் கண்களை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவ" என்றாள். அப்புறமும் "இன்னொரு தடவ".

பரீட்சை முடிகிற வரை ஒரு நாளைக்கு அரை மணிதான் என்று சொல்லிவிட்டாள். பந்தியில் பரிமாறும்போது சோத்தாங்கை. ரம்பம், உளி எதையாவது தொட்டால் தோலை உரித்துவிடுவாளாம். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். காய்த்த விரல் நுனிகள் மட்டும் எனக்குப் போதும். நீ கடைசியாகத் தொட்டுப் பார்த்தது இவற்றைத்தான். விட்டால் உரிந்துவிடும். விடமாட்டேன்.

இப்போதும் கரண்ட் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா எழுந்து தண்ணீர் குடிக்க வந்தாள். புத்தகத்தைத் தாளின் மேல் இழுக்க எனக்கு நேரமில்லை. அவள் எதையும் படிக்கவில்லை. கையின் நிழல் எழுத்தின் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெழுகுவர்த்தியை எடுத்து என் வலது பக்கம் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.